விடுமுறை வாரத்தில் வாங்கிய சம்மதம்

தம்பி, போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனேனே, "அம்மாவுக்கு வயிறு சரியில்லையா?" என்று அப்பாவிடம் கேட்டாயாம். என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. எரிகிறது, அவ்வளவுதான். எட்டு நாளாக எரிகிறது. இந்த எட்டு நாளில் நீ நாலு தடவை போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் நீ "அம்மா, ரிலாக்ஸ் லா" என்பாய், அந்தச் சிங்கப்பூர் லாவைக் கேட்டால் எனக்கு இன்னும் ஏறும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. இதை நம் குடும்ப குரூப்பில் போடுகிறேன், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குரூப்பிலும் போடுகிறேன். அதில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த ஆபீசின் பெயரையும் எழுதப் போவதில்லை. நம் நாட்டைத் தவிர வேறு நாட்டின் பெயரும் வராது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினால்தான் காரியம் நடக்கும் என்பது உன் தொழில், என் தொழிலும் அதுவாகத்தான் இருந்தது. சாத்திச் சாத்திப் பேசி நாம் இரண்டு பேரும் எங்கே வந்து நிற்கிறோம் என்று ஒரு தடவை கதவைத் திறந்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம்மைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டமைப்புக்கு இந்த வருஷம் சிங்கப்பூர்தான் தலைமை. நாடுகளுக்குள் ஒப்பந்தம் என்றால் அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் இல்லையா, தலைமை நாட்டுக்காக எழுதும் பேனா உன் கையில். ஆங் மோ கியோவில் நாலாவது மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுதும் வரிக்குக் கீழே இத்தனை நாட்டுத் தலைவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நான் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது ஈசூனில் இருக்கும் உன் சித்தி வீட்டு அக்கம்பக்கம் வரைக்கும் தெரியும். இந்த மாதக் கடைசியில் அவர்கள் இங்கே கூடிக் கையெழுத்துப் போட்டதும், நீ அந்தக் கூட்டமைப்பின் தலைமையகத்துக்கே மூன்று வருஷ வேலையாகப் போகிறாய். அதற்குப் பெட்டி வாங்கத்தான் அன்றைக்கு மூன்று பேரும் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தோம். வாங்கிய கையோடு சாப்பிடப் போனோம்.

மீன் தலைக் கறி மேசைக்கு வந்ததும் நீ ஆரம்பித்தாய். "அம்மா, லேபர் அக்ரிமெண்ட் முடிஞ்சிருச்சு. புதன்கிழமை மத்தியானத்தோட சைலன்ஸ் க்ளோஸ். ஒருத்தரும் மூச்சு விடல." உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், அவருக்கு சைலன்ஸ் என்றால் அவர் படம் பார்க்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பது. அவருக்கு நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். "ஒரு டிராஃப்ட்ட எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம்பா. இன்ன தேதி, இன்ன மணிக்குள்ள யாரும் ஆட்சேபம் எழுதலன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எடுத்துக்குவோம். மீட்டிங் வேணாம், சண்டை வேணாம்." அதுவரைக்கும் சரி. நானும் இருபத்தெட்டு வருஷம் அந்தக் கூட்டங்களுக்குக் காகிதம் சுமந்தவள், எனக்குத் தெரியாத நடைமுறையா. அப்புறம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய், ஒரு நாடு கடைசிவரை முரண்டு பிடித்தது, 'எந்த நாட்டவராக இருந்தாலும்' என்ற வார்த்தைகளை எடுத்தால்தான் கையெழுத்து என்றது, எடுத்துவிட்டேன் என்று. மற்ற நாட்டுக்காரர்கள் சும்மா விட்டார்களா என்று கேட்டேன். "ஒரே ஒரு நாடுதாம்மா கேட்டிருக்கும். அவங்களுக்கு அந்த வாரம் பூரா புத்தாண்டு லீவு. ஆபீஸ்ல ஈ காக்கா இருக்காது. அதப் பாத்துத்தான் தேதியே வச்சேன்." சொல்லிவிட்டுக் கண்ணடித்தாய். உன் அப்பா "கெட்டிக்காரன்தான்டா" என்று மீன் கன்னத்துச் சதையை எடுத்து உன் இலையில் வைத்தார். எனக்கு வாயில் நன்றாக வந்தது, கடையில் ஆட்கள் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கம் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். அப்படி வந்தவர்தான் பாலகுரு, அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். அவருடைய கான்ட்ராக்டர் இரண்டு மாத வேலை என்று சொல்லி அவரை ஃபெரியில் ஏற்றி அக்கரை நாட்டில் இருக்கிற ஒரு பட்டறைக்கு அனுப்பினான். அங்கே இரும்புத் தகடு சரிந்து வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இங்கே வந்து கேட்டால், விபத்து அங்கே நடந்தது, அங்கே போய்க் கேள் என்றார்கள். அங்கே கேட்டால், உன் பர்மிட் அவர்கள் கொடுத்தது, நீ எங்கள் நாட்டு ஆளும் இல்லை, அவர்கள் நாட்டு ஆளும் இல்லை, எங்களை ஏன் கேட்கிறாய் என்றார்கள். வழக்கு முடியும் வரைக்கும் இங்கே தங்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது என்று ஒரு பாஸ் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை அவருடைய ஃபாரம் திரும்பி வந்தது, ஏன் தெரியுமா? கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். மூன்று விரல் போன கை எப்படியடா ஒத்துப்போகும்? இப்போது இடது கையால் கையெழுத்துப் போடப் பழகுகிறார், நாலு வயதுப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. போன வருஷம் இதை நம் வீட்டில் சாப்பிடும்போது நான் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய். மூன்று நாள் கழித்துப் போன் பண்ணி வாசித்துக் காட்டினாய், ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னோர் உறுப்பு நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளி, எந்த நாட்டவராக இருந்தாலும், அடிபட்டால் இரண்டு நாடுகளும் சேர்ந்து பொறுப்பு, நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று. அன்றைக்கு நான் அழுதேன். உன்னைப் பெற்றதற்காக அழுதேன் என்று வைத்துக்கொள். இப்போது அந்த இடத்தில் 'உறுப்பு நாடுகளின் குடிமக்கள்' என்று போட்டிருக்கிறாய். பாலகுருவின் நாடு கூட்டமைப்பில் இல்லை, அதனால் அதில் அவர் இல்லை. நம் ஊர்க் கட்டடத்தில் தொங்குகிறவர்கள், கப்பலுக்கு அடியில் படுத்துப் பற்றவைக்கிறவர்கள், எத்தனை பேர் இல்லை என்று நீயே யோசித்துப் பார். எழுதிய கையாலேயே அடித்துவிட்டு மீன் தலை தின்றுகொண்டு அதைச் சொல்கிறாய்.

அன்றைக்கே நான் இவ்வளவும் கேட்டிருக்க வேண்டும். "இது ஏமாத்து இல்லையாடா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீ சிரித்தாய். "நான் ஸ்கூல் கேம்ப்ல இருந்தப்ப நீங்க செஞ்சது என்னம்மா? உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்" என்றாய். நான் எழுந்து போனது அதற்குத்தான்.

நீ சொன்னது உண்மை. ஆபீசில் பழகிய பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டு வந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, ஞாயிறு காத்தோங் கோயிலுக்குப் போகிறோம், சனி மாலை ஐந்துக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எழுதி வைப்பேன். உன் அப்பா அந்தப் பக்கமே போக மாட்டார், பிறகு சனிக்கிழமை ராத்திரி குதிப்பார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நீ பத்தாவது முடித்தபோது பாலிடெக்னிக்கில் சேர்ந்து விமான இன்ஜின் படிக்க வேண்டும் என்றாய். ஒரு வருஷமாக அதையேதான் சொன்னாய். எனக்கு நீ ஜூனியர் காலேஜுக்கு, ஜேசிக்குப் போக வேண்டும், அங்கிருந்து யூனிவர்சிட்டி, அங்கிருந்து கவர்ன்மெண்ட். நேருக்கு நேர் பேசினால் நீ ஜெயிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் பேசவில்லை. நீ உபின் தீவுக்குக் கேம்ப் போனாய், அங்கே முதல் வேலையாகப் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றும் தெரியும். உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: நாளை ஐந்து மணிக்குள் வேண்டாம் என்று நீ சொல்லாவிட்டால் ஜேசி என்று பதிந்துவிடுகிறேன். ஐந்து மணிக்குப் பதிந்தேன். நீ திரும்பி வந்து போனைத் திறந்து பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நான் அந்த மூன்று நாளையும் சேர்த்து சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். உன் வாழ்க்கை நன்றாகத்தான் அமைந்தது என்று இத்தனை வருஷமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றாக அமைந்தால் மட்டும் செய்தது சரியாகிவிடுமா? தப்பு, தம்பி. நேரில் சொல்ல வாய் வரவில்லை, எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இன்னொன்று இருக்கிறது. அது உன் அப்பாவுக்கே தெரியாது, இப்போது குரூப்பில் படிக்கும்போது தெரிந்துகொள்வார். நீ பிறப்பதற்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ. அப்போதும் நம் நாடு தலைமையில் இருந்தது. என் வேலை ஃபேக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற காகிதத்துக்கெல்லாம் நேரம் போட்டு முத்திரை குத்துவது. மீனவர்களைப் பற்றி ஓர் அறிக்கை சைலன்ஸில் இருந்தது. எல்லை தெரியாமல் அடுத்த நாட்டுக் கடலுக்குள் போய்விடுகிற மீனவரையும் படகையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முதலில் இருந்தது. பிறகு பெரிய நாடு ஒன்று கேட்டுக்கொண்டதால் படகை எடுத்துவிட்டு மீனவரை மட்டும் வைத்தார்கள். ஐந்து மணி கெடு. என் மேலதிகாரி சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க ஹோட்டலுக்குப் போய்விட்டார், போகும்போது "அஞ்சு மணிக்கு மூடிட்டு பிரிண்டுக்கு அனுப்பிடு, நம்ம தலைமையில ஒரு இழுபறி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஃபேக்ஸ் சத்தம் போட்டது. ஏழை உறுப்பு நாடு ஒன்றிலிருந்து அரைப் பக்கம். படகு இல்லாமல் மீனவன் வீட்டுக்குப் போய் என்ன செய்வான், அந்த வார்த்தையைத் திருப்பிப் போடுங்கள் என்று ஆட்சேபம். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். ஐந்து அடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகு எடுத்து, அந்த நேரத்தைப் போட்டு முத்திரை குத்தினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நம் நாடு எடுத்த காரியம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், நல்ல பெயர் வர வேண்டும், அந்த நல்ல பெயரில் எனக்கும் ஒரு துண்டு வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து விழாவுக்கு அந்த ஃபேக்ஸை அனுப்பிய அதிகாரியே வந்திருந்தார், என் வயதுப் பெண். என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஆபீஸ் லைன் எப்போதும் மெதுவாகத்தான் கிடைக்கும், நான்தான் தாமதமாக அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தம்பி. நான் பல்லைக் காட்டிக்கொண்டு பரவாயில்லை என்றேன். அந்தப் பரவாயில்லையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இதையெல்லாம் சொல்கிறேன் என்பதால் நம் நாட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. இந்தக் கூட்டமைப்புக்கு நம் நாடு செய்ததை நான் கிட்ட இருந்து பார்த்தவள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு நாட்டு அதிகாரிகளை ஒரே மேசையில் உட்கார வைக்க, யார் பக்கத்தில் யார் என்று நாங்கள் மூன்று நாள் நாற்காலி மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, நம்மிடம் இருந்தது ஒழுங்கும் வேலை சுத்தமும்தான், அதை வைத்துத்தான் நம் பேச்சுக்கு மதிப்பு வந்தது. நம்மாட்கள் அனுப்பும் காகிதத்தில் தில்லுமுல்லு இருக்காது என்று மற்றவர்கள் நம்பினார்கள். நம்பித்தான் லீவில் போகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒரு இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன், நீ ஒரு காலண்டரைப் பார்த்து உடைத்தாய். என்னுடையதாவது பயந்துகொண்டு செய்த திருட்டு. உன்னுடையது யோசித்துச் செய்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலைமை தலைமை என்று மேடை போட்டுக் கொடி கட்டுகிறோம், ஆர்க்கிட் பூ வைக்கிறோம், குறித்த நேரத்துக்குக் கார் வருகிறது, எல்லாம் கச்சிதம். எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே நாட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பேப்பரில் எழுதினால், அதற்குப் பேர் தலைமையா? வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே புகுகிறவனும் நேரம் பார்த்துத்தான் வருகிறான்.

உன் வாதம் எனக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்த வார்த்தைகள் இருந்தால் ஒரு நாடு கையெழுத்துப் போடாது, ஒரு நாடு போடாவிட்டால் ஒப்பந்தமே கிடையாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் உறுப்பு நாடுகளின் வேலைக்காரப் பெண்களுக்கும் மீன்பிடிப் படகுப் பையன்களுக்கும் கிடைக்கவிருந்த பாதுகாப்பும் போய்விடும், பாலகுரு ஒருத்தருக்காக அவர்கள் எல்லோரையும் காக்க வைக்கலாமா என்று. முட்டாள்தனமான வாதம் இல்லை. முட்டாள்தனமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆனால் இதை நீ அந்த அறையில் சொன்னாயா? அந்த லீவு நாட்டுக்காரர்களை உட்கார வைத்து, இப்படி ஒரு சிக்கல், இவர்களை விட்டால்தான் அவர்களைக் காப்பாற்ற முடியும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாயா? கேட்டிருந்தால் அவர்களே சரி என்றும் சொல்லியிருக்கலாம், வேறு வழியும் காட்டியிருக்கலாம். முரண்டு பிடித்த நாடும் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து, எங்கள் மண்ணில் கை போனாலும் வெளியாள் என்றால் எங்களுக்கு அக்கறை இல்லை என்று தன் பெயரைச் சொல்லிச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் சங்கடத்தை நீ அவர்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தாய். தோற்றால் தோற்றுவிட்டு வா, நான் உனக்கு மீன் குழம்பு வைத்துப் போடுகிறேன். எதிராளி ஊரில் இல்லாதபோது ஜெயித்துவிட்டு வந்து என்னிடம் பூசி மெழுகாதே.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முடியாது, நேரம் கடந்துவிட்டது என்று என் காதில் பூச் சுற்றாதே, அந்த விதிமுறைக் கோப்பை டைப் அடித்தவளே நான். கெடு விடுமுறையில் விழுந்துவிட்டது, ஆகவே இன்னொரு வாரம் திறந்து வைக்கிறோம் என்று தலைமை நாடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால் போதும். அவர்கள் லீவு முடிந்து வந்துவிட்டார்கள். தலைவர்கள் வர இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கடிதம் போக வேண்டும். போனால் உன் மேலதிகாரி உன்னைக் கிழித்துத் தொங்கவிடுவார், தலைமையக வேலை கை நழுவலாம், வாங்கிய பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தெரிந்துதான் சொல்கிறேன். நான் இதை குரூப்பில் போடுவதாலேயே உனக்குக் கெடுதல் வரலாம், அதுவும் தெரியும். பெற்றவள் பிள்ளைக்கு இப்படிச் செய்வாளா என்று உன் சித்தி நாளைக்குப் போன் பண்ணிக் கேட்பாள், கேட்கட்டும். அப்படியே அந்த வேலை கிடைத்துப் போனாயானால், போன அன்றைக்கே எல்லா நாட்டு விடுமுறை நாளையும் சுவரில் ஒட்டிவை, அந்த நாட்களில் ஒரு கெடுவும் வைக்காதே. தனியாக ஒரே ஆள் மட்டும் வந்திருக்கிற நாட்டுக்காரர் யார் என்று பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார். இங்கிலீஷ் மெதுவாக வருகிறவர் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு, பாக்கெட் மீ நூடுல்ஸிலேயே மூன்று வருஷத்தை ஓட்டிவிடாதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பாலகுருவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் எம்ஆர்டி ரயில் ஏறினேன். ஏதோ ஒரு ஏற்பாடு வருகிறது, பொறுத்திருங்கள் என்று ஒரு வருஷமாக நான்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது வராது என்று சொல்ல வேண்டியவளும் நான்தானே. தே தாரிக் டீ இரண்டு வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார், ஒன்றை என் பக்கம் தள்ளினார். இடது கைக் கையெழுத்து இப்போது கொஞ்சம் நேராக வருகிறது, காட்டினார். நான் எப்படியோ ஆரம்பித்தேன். அந்த ஒப்பந்தம் எழுதுகிற இடத்தில் என் மகன் வேலை செய்கிறான் என்றேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "நெசமாவாம்மா? உங்க மகனா? நம்ம தமிழ்ப் புள்ள அவ்வளவு பெரிய எடத்துலயா?" என்றார். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, "டேய், அம்மாவோட மகன் அங்கதான்டா இருக்காரு" என்றார். அவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப உள்ள நமக்குன்னு ஒரு ஆளு இருக்காருல்லம்மா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அதை உண்மையாக்கு.